விற்பனை இருக்கிறது, கையில் காசில்லை: சிறுதொழில் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. வேலை நடக்கிறது, பணம் வரவில்லை, வரவேண்டிய பணத்தைக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அதனால் அதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். மற்ற கேள்விகளுக்குப் பதில் கொஞ்சம் சுருக்கமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறிய அளவில் அட்டைப்பெட்டி தயாரிக்கிறேன். போன வருடத்தைவிட ஆர்டர் கூடியிருக்கிறது, ஆடிட்டரும் லாபம் என்கிறார். ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் போடக் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. அந்த லாபம் எங்கேதான் போகிறது?

பதில்: எங்கேயும் போகவில்லை, உங்கள் வாடிக்கையாளர்களிடமும் உங்கள் கிடங்கிலும் இருக்கிறது. ஆடிட்டர் சொல்வதும் சரி, உங்கள் கல்லாப்பெட்டி சொல்வதும் சரி. நீங்கள் பில் போட்ட அன்றே அது வருமானமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. பணம் வருவதோ வேறொரு நாளில்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காகிதம் வாங்கிய 30 நாளில் சப்ளையருக்குப் பணம் கட்டுகிறீர்கள். அந்தக் காகிதம் கிடங்கில் இருந்து, பெட்டியாகி, டெலிவரி ஆக 45 நாள். அதற்கப்புறம் வாங்கியவர் 60 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார். ஆக, பணம் 105-வது நாள் உள்ளே வருகிறது, 30-வது நாளே வெளியே போய்விட்டது. நடுவில் இருக்கும் 75 நாளை உங்கள் சொந்தப் பணம்தான் தாங்குகிறது. ஒரு நாளைக்கு 1,000 வீதம் காகிதம் வாங்குகிறீர்கள் என்றால் எப்போதும் 75,000 முடங்கிக் கிடக்கும். ஆர்டர் இரண்டு மடங்கானால் முடங்குவதும் ஒன்றரை லட்சம் ஆகிவிடும், அதுவும் புது லாபம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே. இதில் கூலியை நான் சேர்க்கவே இல்லை. வியாபாரம் படுத்தவர்களைவிட, வேகமாக வளர்கிறவர்கள் சம்பள நாளில் அதிகம் திணறுவதற்கு இதுதான் காரணம்.

சரி, என்ன செய்யலாம்? அந்த 75 நாளில் எதைச் செலவில்லாமல் குறைக்க முடியும் என்று தேடுங்கள். முதலில் பில். சரக்கு போன அன்றே பில் போகிறதா? நிறையப் பேர் மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாகப் பில் போடுகிறார்கள். 60 நாள் என்பது பில் தேதியிலிருந்து ஓடுகிறது என்றால், 5-ஆம் தேதி போன சரக்குக்கு நீங்களாகவே இன்னும் 25 நாள் கடன் கொடுத்துவிட்டீர்கள். அடுத்தது கிடங்கு. விலை ஏறிவிடுமோ என்ற பயத்தில் மூன்று மாதக் காகிதத்தை வாங்கி அடுக்குவதைவிட, கொஞ்சம் அதிக விலை கொடுத்தாவது அடிக்கடி கொஞ்சமாக வாங்குவது பல சமயம் மலிவாக முடியும். கைமாற்றுக்குக் கொடுக்கும் வட்டியைக் கூட்டிப் பார்த்தால் புரியும். மூன்றாவது, புது வாடிக்கையாளர். பழைய ஆட்களிடம் பழக்கத்தை மாற்றுவது கஷ்டம், ஆனால் புதிதாக வருகிறவரிடம் பாதி முன்பணம் என்று முதல் நாளே சொல்ல முடியும். அச்சு மாற்றி, அவர் பெயர் போட்டுச் செய்யும் பெட்டியை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதை அவரும் அறிவார்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, இதை இந்த வாரமே செய்யச் சொல்வேன். ஒரு தாளில் அடுத்த 13 வாரத்தை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் கையிருப்பு எவ்வளவு, வரப்போவது எவ்வளவு, கட்டாயம் போகவேண்டியது எவ்வளவு. வரவை எழுதும்போது அவர் தருவதாகச் சொன்ன தேதியைப் போடாதீர்கள், வழக்கமாக எந்தத் தேதியில் தருகிறாரோ அதைப் போடுங்கள். இப்படி எழுதினால் ஒன்பதாவது வாரத்தில் பணம் பற்றாது என்பது இன்றைக்கே தெரிந்துவிடும். இரண்டு மாதம் முன்னால் தெரிந்தால் பாக்கியைத் துரத்தலாம், சப்ளையரிடம் அவகாசம் கேட்கலாம், வங்கியில் பேசலாம். முந்தின நாள் ராத்திரி தெரிந்தால் கைமாற்று ஒன்றுதான் வழி. வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரியை மட்டும் வேறு கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். அது கையில் இருக்கும்போது நம் பணம் மாதிரியே தெரியும், கட்டவேண்டிய நாளில்தான் உறைக்கும்.

கேள்வி: எங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போகிறது. 30 நாள் என்று பேசியவர்கள் இப்போது நான்கு மாதம் இழுக்கிறார்கள். அழுத்திக் கேட்டால் ஆர்டரை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயத்தை நான் சின்னதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பெரியவர்கள் சின்னவர்களுக்குத் தாமதமாகப் பணம் கொடுப்பது உலகம் முழுக்க இருக்கும் நோய், அதனால்தான் பல நாடுகளில் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறைப்படி நிறுவனங்களுக்கு இடையே பொதுவாக 60 நாள், அரசு அலுவலகம் வாங்கினால் பொதுவாக 30 நாள். தாண்டினால் வட்டியோடு, வசூல் செலவுக்கென்று குறைந்தது 40 யூரோவும் கேட்கலாம். பிரிட்டனில் 1998ஆம் ஆண்டுச் சட்டம், அங்குள்ள மத்திய வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8 சதவீத வட்டி கேட்கும் உரிமையைத் தருகிறது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும் தரவேண்டிய பணம், எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. நீங்கள் எந்த நாட்டில் தொழில் செய்கிறீர்களோ அங்கே இதற்கு நிகராக என்ன இருக்கிறது என்று ஆடிட்டரிடம் கேட்டு, அந்த ஒரு வரியைப் பில்லின் அடியில் அச்சடித்துவிடுங்கள். யாரையும் மிரட்டுவதற்காக இல்லை. இவர்களுக்கு விவரம் தெரியும் என்று அவர்களுடைய கணக்குப் பிரிவுக்குப் புரிந்தால் போதும்.

ஆனால் சட்டத்தை முதலில் கையில் எடுக்காதீர்கள். முதலில் பணம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உங்களிடம் ஆர்டர் பேசுகிறவர் வேறு, பணம் போடுகிறவர் வேறு. ஆர்டர் எண் இல்லாத பில், சரக்கு வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்காத ரசீது, வங்கி விவரத்தில் ஒரு எழுத்துப் பிழை என்று அற்பக் காரணத்துக்காக வாரக்கணக்கில் மேசையில் கிடக்கும் பில்கள் ஏராளம். கெடு முடிந்த பிறகு போன் செய்யாமல், கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் கணக்குப் பிரிவுக்கே பேசி, "எங்கள் பில் கிடைத்ததா, அதில் ஏதாவது குறை இருக்கிறதா, எந்தத் தேதிப் பட்டியலில் வருகிறது?" என்று கேளுங்கள். இது கடன் கேட்கும் தொனியில் இருக்காது, வேலை விசாரிக்கும் தொனியில் இருக்கும். யார், என்ன தேதி சொன்னார் என்பதை எழுதி வைத்துக்கொண்டு, அன்றே ஒரு சின்ன மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் நகரவில்லை என்றால் ஒரு வரம்பு வைத்தாக வேண்டும். இவ்வளவு பாக்கிக்கு மேல் அடுத்த லோடு கிளம்பாது என்ற எண்ணிக்கை, நீங்கள் நிம்மதியாக யோசிக்கும் ஒரு நாளில் முடிவு செய்ததாக இருக்கட்டும், எரிச்சலில் இருக்கும் நாளில் வேண்டாம். அதை அவர்களுக்கு முன்கூட்டியே, மரியாதையாக, எழுத்தில் சொல்லுங்கள். "பழைய பில் வந்தால்தான் இந்தச் சரக்குக்கு மூலப்பொருள் வாங்க முடியும்" என்பது உண்மைதானே, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்? வேலையை முடித்துக் கொடுத்தவர் நீங்கள். அந்தப் பணம் உங்களுடையது, உங்கள் ஆட்களுடைய கூலியும் அதில்தான் இருக்கிறது. தலைகுனிய வேண்டியவர் கேட்கிறவர் இல்லை.

ஆர்டரை நிறுத்தினால் என்ன செய்வது என்பதற்கான பதில் அவர்களிடம் இல்லை, உங்கள் மற்ற வாடிக்கையாளர்களிடம் இருக்கிறது. பாதிக்கு மேல் ஒரே இடம் என்றால், கிட்டத்தட்ட அவர்களிடம் சம்பளம் இல்லாத வேலையில் இருக்கிறீர்கள். புதிதாகப் பிடிக்கும் ஒவ்வொரு சின்ன ஆர்டரும் இந்த விகிதத்தைக் குறைப்பதால், அதில் லாபம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நான் எடுக்கச் சொல்வேன்.

கேள்வி: வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் வேறு இடத்தில் குறைவு என்கிறார்கள். 10 சதவீதம் குறைத்தால் ஆட்கள் கூடுவார்களா, மேடம்?

பதில்: கூடலாம். ஆனால் எவ்வளவு கூடவேண்டும் என்று பார்த்துவிட்டுக் குறையுங்கள். 100 வாங்கும் ஒரு வேலையில் செலவெல்லாம் போக உங்களுக்கு 30 நிற்கிறது என்று வைப்போம். 10 குறைத்தால் நிற்பது 20. முன்பு பத்துத் துணி தைத்துக் கிடைத்த 300-க்கு இனி பதினைந்து துணி தைக்க வேண்டும். அதாவது அதே பணத்துக்கு ஒன்றரை மடங்கு வேலை. 20 மட்டுமே நிற்கும் வேலை என்றால் இரண்டு மடங்கு. உங்கள் கைக்கும் கண்ணுக்கும் அந்த நேரம் இருக்கிறதா?

இதையே திருப்பிப் போடுங்கள். 10 ஏற்றினால் ஒவ்வொன்றிலும் 40 நிற்கும். நான்கு பேரில் ஒருவர் போய்விட்டாலும் மாதக் கடைசியில் கையில் அதே பணம்தான் இருக்கும், ஆனால் வேலை கால் பங்கு குறைந்திருக்கும். ஏற்றச் சொல்லி வற்புறுத்தவில்லை, ஆனால் குறைப்பது ஒன்றுதான் வழி என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது வேறு ஒன்று. நூல், லைனிங், மின்சாரம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கூலியை எழுதவில்லை. நாளை உங்களுக்கு உடம்பு சரியில்லாமல், வேறு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து அதே துணிகளைத் தைக்க வேண்டி வந்தால் எவ்வளவு மிஞ்சும்? ஒன்றும் மிஞ்சாது என்றால், இப்போது லாபம் என்று நீங்கள் நினைப்பது உங்கள் கூலிதான், அதுவும் முழுதாக இல்லை. வீட்டில் உட்கார்ந்து செய்வதால் பெண்களின் நேரத்துக்கு விலை இல்லை என்ற நினைப்பு வாடிக்கையாளருக்கு மட்டும் இல்லை, செய்கிறவருக்கே ஊறிப்போயிருக்கிறது. அதை முதலில் விலையில் ஏற்றுங்கள். பேரம் பேசுகிறவரிடம் விலையைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள்: அவசரம் இல்லாமல் பத்து நாள் கழித்து வாங்கிக்கொண்டால் இவ்வளவு, இந்த வேலைப்பாடு இல்லாவிட்டால் இவ்வளவு என்று.

விலை போடும்போது ஒரு கவனம். 70 செலவாகும் பொருளில் 30 சதவீதம் ஏற்றினால் 91 வரும், 100 வராது. அந்த 91-இல் உங்களுக்கு நிற்பது 21, விற்பனை விலையில் அது 23 சதவீதம்தான். விலையில் 30 சதவீதம் நிற்க வேண்டும் என்றால் 70-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும்.

கேள்வி: சொந்தக்காரர்களும் நண்பர்களும் கடனுக்கு வாங்கிவிட்டுத் தருவதே இல்லை. உறவும் கெடக்கூடாது, பணமும் வரவேண்டும்.

பதில்: பழைய பாக்கிக்கு ஒரு தேதி கேட்டுவிட்டு, வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக யாருக்கும் கடன் இல்லை என்பதைத் தனித்தனியாக ஒவ்வொருவர் முகத்தைப் பார்த்தும் சொல்லாமல், எல்லோருக்கும் ஒரே விதியாக வைத்துவிடுங்கள். பொது விதி என்றால் யாருக்கும் மனம் அவ்வளவாக வலிக்காது. யாருக்காவது உண்மையிலேயே உதவ நினைத்தால் உங்கள் சொந்தப் பணத்திலிருந்து உதவுங்கள், கடைச் சரக்கிலிருந்து வேண்டாம்.

கேள்வி: வங்கியில் அலைய நேரமில்லை. நாள் வசூலுக்குக் கடன் தருகிறார்கள், 10 சதவீதம்தான் பிடித்துக்கொள்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த 10 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 100 கேட்டால் 90 கையில் தருகிறார்கள், தினம் 1 வீதம் 100 நாள் கட்டுகிறீர்கள். 90 முழுதாக உங்களிடம் இருந்தது முதல் நாள் மட்டும்தான். அடுத்த நாளிலிருந்து குறைந்துகொண்டே போய், சராசரியாகப் பார்த்தால் 100 நாளும் சுமார் 45-தான் உங்கள் கையில் இருந்திருக்கிறது. அதற்கு 10 வட்டி. ஆண்டுக் கணக்கில் இது 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. உங்கள் தொழிலில் அவ்வளவு லாபம் நிற்கிறதா?

மாதத் தவணையிலும் இதே விஷயம் உண்டு. வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை 12 சதவீதம் என்று கணக்குப் போட்டு ஒரு வருடத் தவணையாகப் பிரித்தால், குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் அது சுமார் 21 சதவீதத்துக்குச் சமம். ஆகவே வட்டி எத்தனை என்று மட்டும் கேட்காமல், கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்டுவேன், எத்தனை நாளில் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கே வரப்போகும் உறுதியான பணத்துக்கு முன்னால் ஒரு இடைவெளியை அடைக்க என்றால் ஒருமுறை வாங்கலாம். பழைய நாள் வசூலைக் கட்டப் புது நாள் வசூல் என்று போனால் நிறுத்துங்கள், உடனே.

கேள்வி: தனி ஆளாக நடத்துகிறேன். கம்பெனியாகப் பதிவு செய்தால் நஷ்டம் வந்தாலும் என் வீட்டைத் தொட முடியாது என்கிறார்கள், உண்மையா?

பதில்: பாதி உண்மை. லண்டனில் ஆரோன் சாலமன் என்று ஒரு காலணி தயாரிப்பாளர், 1892-இல் தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். பங்குகள் கிட்டத்தட்ட எல்லாம் அவரிடம், மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. தொழில் நொடித்தபோது, கம்பெனியும் அவரும் ஒன்றுதானே, கடனை அவரே கட்டட்டும் என்று வழக்கு வந்தது. 1896-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை, கம்பெனி வேறு, அவர் வேறு என்று தீர்ப்பளித்தது. இன்றைக்கும் பல நாடுகளின் கம்பெனிச் சட்டம் அந்த வழக்கில்தான் காலூன்றி நிற்கிறது. ஒரு சிறுதொழில்காரர் வழக்கு என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

மீதிப் பாதி இதுதான். சின்னக் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி, உரிமையாளரின் சொந்த ஜாமீனையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கடனுக்குச் சாலமன் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது. கம்பெனிப் பணத்தையும் வீட்டுச் செலவையும் ஒரே கணக்கில் கலந்து வைத்திருந்தாலும் பாதுகாப்பு ஆட்டம் காணும். வருடாவருடம் தணிக்கை, தாக்கல் என்று செலவும் உண்டு. வாடிக்கையாளருக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டிய ஆபத்து உள்ள தொழில், பங்குதாரர் சேரப்போகும் தொழில் என்றால் பதிவு செய்யுங்கள். மற்றபடி அவசரம் இல்லை.

கேள்வி: ஒரு நாள் நான் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடுகிறது. விடுப்பு எடுத்துப் பல வருடம் ஆகிறது.

பதில்: உங்கள் தலைக்குள் இருப்பது தாளில் இல்லாததுதான் காரணம். எந்த சப்ளையரிடம் எவ்வளவு, எந்த வாடிக்கையாளருக்கு என்ன விலை, இயந்திரம் மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது என்று நீங்கள் மட்டும் அறிந்த விஷயங்களை, வேலை செய்யும்போதே போனில் குரலாகப் பதிந்து, யாரையாவது எழுதச் சொல்லுங்கள். பிறகு வியாபாரம் மந்தமான ஒரு நாளில் உள்ளூரிலேயே இருந்துகொண்டு, கடைப் பக்கம் போகாமல் இருங்கள். எந்த விஷயத்துக்கெல்லாம் போன் வருகிறதோ அதுதான் இன்னும் எழுதாதது. சிறுதொழில் செய்கிறவருக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கிடையாது, அதனால் இதை வசதி என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். உடம்பு படுத்தால் வருமானமும் சேர்ந்து படுக்கும்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் பொய்யாக மோசமான விமர்சனம் எழுதிவிட்டார். என்ன செய்வது?

பதில்: ஒரு நாள் கழித்து, நான்கு வரியில், கோபமில்லாமல் பதில் எழுதுங்கள். அவரை வெல்வதற்கு எழுத வேண்டாம், பின்னால் படிக்கப்போகும் புது ஆளுக்கு எழுதுங்கள். அப்படி ஒருவர் வாங்கியதாகக் கணக்கில் இல்லை என்றால் அதைச் சொல்லி, பில் எண்ணைக் கேளுங்கள். புகார் செய்யும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். பதிலுக்கு உறவினர்களை வைத்துப் பொய்யான பாராட்டு எழுத வைக்காதீர்கள்.

கேள்வி: ஒன்பது வருடமாக நடத்தும் தொழிலில் இரண்டு வருடமாக நஷ்டம். மூடிவிடலாமா, இன்னும் கொஞ்சம் கடன் வாங்கித் தாக்குப்பிடிக்கலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: பழைய கடனையும் அதன் வட்டியையும் ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டு, மாதா மாதம் வரும் விற்பனை, அந்தந்த மாதச் செலவையும் உங்களுக்கு ஒரு நியாயமான சம்பளத்தையும் தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்குகிறது என்றால் தொழில் உயிரோடு இருக்கிறது, கடன்தான் கழுத்தை நெரிக்கிறது. அப்போது போய்ப் பேசவேண்டியது ஏற்கெனவே கடன் கொடுத்தவர்களிடம், தவணையை நீட்டச் சொல்லி. தவணை தவறுவதற்கு முன்னால் போனால் கிடைக்கும் மரியாதை தவறிய பிறகு கிடைக்காது.

தாங்கவில்லை என்றால் புதுக் கடன் எதையும் சரிசெய்யாது, நஷ்டத்தை நீட்டிக்கத்தான் உதவும். ஒன்பது வருடம் போட்ட உழைப்பு வீணாகிவிடுமே என்று தோன்றும், எனக்கும் படிக்கும்போது மனம் கனத்தது. ஆனால் அந்த உழைப்பு ஏற்கெனவே போட்டாகிவிட்டது, இனி போடப்போகும் பணத்தைப் பற்றித்தான் முடிவெடுக்க முடியும். எல்லோருக்கும் கொடுத்து முடிக்கும் நிலையில் மூடுவதும், ஒரு நாள் ராத்திரி பூட்டிவிட்டுப் போவதும் ஒன்றல்ல. முதலாவது வகையில் மூடியவர் நாளை வேறு தொழில் தொடங்கினால் அதே சப்ளையர்கள் சரக்குக் கொடுப்பார்கள்.

மூடுவது என்று முடிவானால் புது ஆர்டருக்கு முன்பணம் வாங்குவதை அன்றே நிறுத்துங்கள். வெளியே இருக்கும் பாக்கியை முழு மூச்சாக வசூல் செய்யுங்கள், மூடுகிறார்கள் என்ற செய்தி பரவிவிட்டால் தருகிறவர்களும் தாமதிப்பார்கள். ஆட்களின் சம்பளம் முதலில், அவர்களுக்கு வேறு வேலை தேட அவகாசமும் கொடுங்கள். வரிப் பதிவுகளை முறையாக ரத்து செய்ய ஆடிட்டரிடம் சொல்லுங்கள், அப்படியே விட்டால் தொழில் இல்லாத வருடங்களுக்கும் தாக்கல் செய்யவில்லை என்று அபராதம் வரக்கூடும். வீட்டை அடமானம் வைக்கும் யோசனையைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இந்த வாரமே, கணக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அவர்களும் குடியிருக்கும் வீடு அது.